மே மாதத்துச் சிவப்பு

வேலூரில் காட்பாடி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு வாடகை வீட்டு மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. போர்டில் நிலவளம், தொலையுணர்வு என்று நீளமாக என்னென்னவோ எழுதியிருந்தாலும் தெருவில் அதற்குப் பெயர் வானத்துப் படம் ஆபீஸ். தெருக்காரர்களுக்கு அதன்மேல் ஏக மரியாதை. மரியாதை படத்துக்கு இல்லை, ஏசிக்கு. எண்பத்தொன்பதில் வேலூரில் ஏசி போட்ட அறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவும் மனுஷர்களுக்காகப் போட்டதல்ல, கம்ப்யூட்டருக்காகப் போட்டது. வேலூர் வெயிலில் மனுஷர்கள் வெந்து சாகலாம், மிஷின் வேகக்கூடாது என்பது சர்க்கார் கணக்கு.

அந்த மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஜெபராணி. ஆம்பூருக்கு அந்தப்பக்கம் பாலாற்றங்கரையில் இருக்கும் இலுப்பைக்குப்பத்துப் பெண். கணக்கில் பி.எஸ்ஸி. முடித்தவள். சர்ச் நடத்தும் பெண்கள் ஹாஸ்டலில் ஜாகை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு.

மேசையில் இரண்டு திரைகள். ஒன்றில் எழுத்து வரும், மற்றதில் படம் வரும். படங்கள் ஹைதராபாத்திலிருந்து பிளாப்பியில் வந்து சேரும். வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தில் பச்சை, பச்சையாகத் தெரியாது. செழித்த இலை எதுவானாலும் சிவப்பாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை இலை திருப்பி அனுப்புகிறது, அதற்கு இவர்கள் சிவப்பு நிறம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். வெற்று நிலம் வெளிறிப்போய்ச் சாம்பலும் நீலமுமாக இருக்கும். தண்ணீர் கறுப்பு. தண்ணீர் இல்லாத பாலாறு வெள்ளை வெளேரென்று வளைந்து கிடக்கும்.

மிஷினுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. பாடம் சொல்லித் தர வேண்டும். நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, இது பயிர் என்று சொல்ல வேண்டும். பிறகு அது ஜில்லா முழுக்கத் தேடிப்போய், அதே சாயல் உள்ள இடத்தையெல்லாம் பயிர் என்று தீட்டிக்கொண்டு வரும். தீட்டி முடிக்க மத்தியானமாகிவிடும். அதற்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இதில் சூட்சுமம் எல்லாம் அந்த முதல் கட்டத்தில்தான் இருக்கிறது. அதைத் தப்பாகப் போட்டுவிட்டால் மிஷின் வாத்தியார் சொன்ன தப்பையே ஜில்லா முழுக்க ஒப்பிக்கும்.

ஜெபராணிக்கு உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த நிலம் ஒன்றுதான். ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவில் அவள் அப்பா தேவசகாயத்தின் நெல்வயல். சின்ன வயதில் களை பிடுங்கியவள், நாற்றுமுடி சுமந்தவள். போன வருஷத்து முதல் படம் திரையில் வந்ததும் ஆற்று வளைவைப் பிடித்துக்கொண்டு போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். ரத்தச் சிவப்பாக இருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அதைச் சுற்றித்தான் கட்டம் போட்டாள்.

போடுவதற்கு முன்னால் ஊர்ஜிதமும் செய்துகொண்டாள். கிறிஸ்துமஸுக்குப் போனபோது படத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். தேவசகாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா ராணி இது, செவப்பா கீது?"

"செவப்புன்னா நல்ல பயிர், நைனா. இதோ பாரு, நம்ம நெலம். சுத்துவட்டாரத்துல இவ்ளோ செவப்பு வேற எங்கியும் இல்ல."

அவர் படத்தைப் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார். "ஆமாம்மா, நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஊரில் தண்ணீர் கெட்டுப்போனது ஜெபராணிக்குத் தெரியாததல்ல. மேற்கே தோல் பதனிடும் ஷாப்புகள் பெருகப் பெருக, அங்கிருந்து வரும் கழிவு ஓடையில் இறங்கி, ஆற்று மணலில் இறங்கி, ஊர்க் கிணறுகளில் ஏறிவிட்டது. ஆனால் நிலத்தைப் பற்றிக் கேட்டால் அப்பா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். நம்ம நிலம் மேடு, அங்கே இருப்பது ஊற்றுத் தண்ணீர், அதை ஒன்றும் செய்ய முடியாது. போய்ப் பார்க்கலாம் என்றால் பாம்பு ஜாஸ்தி என்பார். அறுப்புக்கு அறுப்பு ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்துவிட்டு, நம்ம நிலத்து அரிசி என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குமேல் எந்த மகள் சந்தேகப்படுவாள்.

வேலையின் நோக்கம் இது. ஆற்றோரத்து ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய் போடப் போகிறார்கள். எந்தெந்த ஊரில் நிலமும் கிணறும் செத்துப்போயிருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் முதலில் குழாய். செத்த ஊர் எது, பிழைத்த ஊர் எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது இந்த ஆபீஸ்.

ஆகஸ்டில் அடுத்த படம் வந்தது. மே மாதத்தில் எடுத்தது. ஜில்லாவே காய்ந்து சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரம்கூட வெளிறிப் போயிருந்தது. ஏரிகள் எல்லாம் வெறும் தழும்புகள். அந்தச் சாம்பலுக்கு நடுவில் பாலாற்றின் இரண்டு பக்கமும் சிவப்பு, போன படத்தில் இருந்த அதே சிவப்பு, கொஞ்சமும் வாடாமல் நின்றது.

ஆபீசர் சாமிநாதன் பின்னால் வந்து நின்றார். தஞ்சாவூர்க்காரர், நல்ல மனிதர், கோபம் வந்தால்கூட மரியாதையாகக் கோபப்படுவார்.

"என்னம்மா, மே மாசத்துலயும் உங்க அப்பா நிலம் இப்படி ஜொலிக்குது. எங்க காவிரிப் பக்கமே அப்ப காஞ்சு கிடக்கும். என்ன போட்டிருக்கார்?"

"கேட்டுச் சொல்றேன் சார்" என்று சிரித்தாள். அவர் போன பிறகும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெல் என்றால் அறுப்புக்குப் பிறகு வெளிற வேண்டும். அறுக்காத பயிர் எது? தண்ணீர் இல்லாமல் மே மாதத்தில் வாழுகிற பயிர் எது? அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போகவில்லை.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். பள்ளிகொண்டா தாண்டி, மாதனூர் தாண்டி, ஆம்பூர் வந்ததும் பஸ்ஸுக்குள் பச்சைத்தோல் நாற்றம் ஏறியது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஜெபராணிக்கு அது ஊர் வந்துவிட்டது என்கிற வாசனை. வருகிறேன் என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பாததால் பஸ் ஸ்டாப்பில் அப்பா இல்லை. அவள் வீட்டுக்குப் போகாமல் நேராக ரயில் பாதையைத் தாண்டினாள்.

வரப்பு இல்லை. வாய்க்கால் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேல முள். தலைக்கு மேலே வளர்ந்து, பின்னிக்கொண்டு, பச்சைப்பசேலென்று நின்றது. எந்தத் தண்ணீரையும் குடித்துத் தழைக்கிற ஜாதி அது. உப்பானாலும் குடிக்கும், விஷமானாலும் குடிக்கும். அடியில் மண் வெள்ளையாகப் பொரிந்து, மிதித்தால் அப்பளமாக நொறுங்கியது. அவளுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. அவள் மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்த நல்ல பயிர் இந்த முள்தான். ஆற்றங்கரை நெடுக இந்த முள் எங்கெல்லாம் ஏறியிருந்ததோ அங்கெல்லாம் மிஷின் நம்பிக்கையாகப் பயிர் என்று தீட்டிவைத்திருக்கிறது. நிலம் எவ்வளவு நன்றாகச் செத்ததோ அவ்வளவு நன்றாகச் செழித்ததாகக் கணக்கு.

உள்ளேயிருந்து புகை வந்தது. ஒற்றையடிப் பாதையில் குனிந்து போனாள். பழைய களத்துமேட்டில் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். வெட்டிய முள்மரத்தைக் குவித்து, மண் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைத்திருந்தது. மூட்டத்தில் விரிசல் விடும் இடத்தில் எல்லாம் ஓர் ஆள் ஈரமண்ணை அள்ளி அப்பிக்கொண்டிருந்தார். இடுப்பில் கோவணம், தலையில் துண்டு, கையெல்லாம் முள் கீறிய கோடுகள். அது அவள் அப்பா.

தேவசகாயம் நிமிர்ந்தார். மண்ணை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ ஏம்மா இங்க வந்த? முள்ளு குத்திடப் போவுது."

"நெலம் எங்க நைனா?"

"இதான்."

"எவ்ளோ நாளா?"

"அது ஆச்சு. கடைசியா போட்ட நாத்து பச்ச புடிக்கவே இல்ல. வேர எடுத்துப் பாத்தா கருகியிருக்கு. மறுபடியும் போட்டேன், மறுபடியும் கருகிச்சி. அப்புறம் உட்டுட்டேன். முள்ளு தானா வந்திச்சி. சரி, வந்தத ஏன் உடணும்னு வெட்டிக் கரி போடறேன். ஆம்பூர் பிரியாணிக் கடைங்களுக்கு போவுது."

"ஹாஸ்டலுக்கு அரிசி எடுத்தாந்தியே."

"ஒடுகத்தூர்ல வாங்கினது." அவர் கையிலிருந்த மண்ணை விரிசலில் வைத்துத் தட்டினார். "சாக்கு மட்டும் நம்மளுது."

ஜெபராணிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "கிறிஸ்மஸ்ல படத்த காட்டிக் கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நல்ல பயிர்னு நீ சொன்ன. அத்த சொல்றப்போ ஒம் மூஞ்சி எப்படி இருந்திச்சின்னு ஒனக்குத் தெரியாது. எனக்கே ஒரு நிமிஷம், நெலம் நல்லாத்தான் கீதோன்னு தோணிச்சி ராணி."

அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் அசையாமல் இருந்தது, ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. திரும்பி வந்து, நின்றபடியே எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். கட்டம் போட்டதை, குழாய் வரப்போவதை, இந்தச் சிவப்பு பயிர் என்று போய்விட்டால் ஊருக்குக் குழாய் கிடையாது என்பதை.

"மே மாசத்துல செவப்பா நிக்கணும்னா கரும்பா இருக்கணும், இல்ல தென்னந்தோப்பா இருக்கணும். நம்ம ஊர்ல ரெண்டும் கெடையாது. ஆபீசர் கேட்டா நான் இன்னா சொல்றது?"

தேவசகாயம் புகையைப் பார்த்தபடி, கரும்பா, என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் அம்மா ஞானம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சோறு வெள்ளையாக இருந்தது. ஊர்த் தண்ணீரில் வடித்தால் சோறு மஞ்சளாக வரும், பொழுது சாய்வதற்குள் நூல் விடும். இது தங்கை கிரேஸி கொண்டுவந்த தண்ணீர். அவள் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறாள். தினமும் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனிக் குழாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்து, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவாள். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் பட்டு விரல் நுனிகள் தோலுரிந்து கிடக்கும்.

அந்தக் கேன் வருவதற்கு முன்னால்தான் ஜெபராணியைப் பெண் பார்க்க வந்தார்கள். குடியாத்தத்திலிருந்து ஒரு கூட்டம், அடுத்து சோளிங்கரிலிருந்து ஒரு கூட்டம். இரண்டு கூட்டமும் பெண்ணைப் பார்த்துச் சிரித்தது, காபியை வாயில் வைத்ததும் முகம் மாறியது. பால் திரிந்து, உப்புக் கரித்த காபி. இந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண்ணுக்குக் குழந்தை எப்படிப் பிறக்கும் என்று ஒரு மாமியார் வாசலில் வைத்தே கேட்டுவிட்டுப் போனாள். அதோடு இலுப்பைக்குப்பம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. யார் கேட்டாலும் எங்கள் ஊரில் தண்ணீர் நல்ல தண்ணீர், நிலம் நல்ல நிலம். கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீடு எதுவும் இதை மீறாது. பிள்ளை இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

இப்போது கிரேஸிக்குப் பள்ளிகொண்டாவிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. பையன் வில்சன், வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவனுடைய அப்பா ஐசக் வாத்தியார் வருகிற சனிக்கிழமை வந்து சர்ச்சில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிப்பதாக இருந்தது.

"ஒரு மாசம் கழிச்சி உன் ஆபீஸ்ல சொல்லு" என்றாள் ஞானம்மாள். "கல்யாணம் முடியட்டும்."

"திங்கட்கெழம ரிப்போர்ட் போவுதும்மா. அதுக்குள்ள எதுனா செஞ்சாதான் உண்டு."

"கெட்டுப்போன ஊருன்னு சர்க்கார்லயே எழுதிட்டா, ஐசக் வாத்தியார் பேப்பர் படிக்கிறவரு. நாளைக்கே தெரிஞ்சிடும்."

"கொழா வந்தா ஊரே பொழைக்கும். சம்பூர்ணக்கா வீட்டுல ரெண்டு கன்னு செத்தே பொறந்துது. அவங்க புள்ளைங்க காலெல்லாம் புண்ணு. அத்த பாக்க வேணாமா?"

கிரேஸி அதுவரை பேசாமல் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். சீப்போடு முடி கொத்தாக வந்தது. அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கொழா எப்பக்கா வரும்?"

"ரெண்டு வருஷம் ஆவும். மூணுகூட ஆவலாம்."

"நீ தப்பிச்சி போய்ட்டக்கா. ஏசி ரூம்ல ஒக்காந்துக்கினு மேல இருந்து எங்களப் பாக்கற. நான் ஒண்ணும் தப்பா சொல்லல. எனக்கும் ஒரு வழி தெறந்திருக்கு, அத்த அடைக்காத. அதான் கேக்கறேன்."

ஜெபராணி அதற்குமேல் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை அவள் ஆபீசில் செய்தது முழு நியாயமும் இல்லை, முழுத் துரோகமும் இல்லை. நம் மாதிரிக் கட்டத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, ரிப்போர்ட் போவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று மட்டும் சாமிநாதனிடம் சொன்னாள். பார்க்கிறவருக்குக் கண் இருக்கிறது. முள்ளைப் பார்த்தால் அவரே எழுதிக்கொள்வார். அப்பாவைக் காட்டிக்கொடுத்த பாவமும் தன்மேல் வராது, ஊரைக் கைவிட்ட பாவமும் வராது. அவ்வளவு சுலபமாக முடியும் என்று நம்பினாள் பாவம். ரிப்போர்ட்டை ஒரு வாரம் தள்ளி வைக்க அவர் சம்மதித்தார். ஆனால் ஜீப் சனிக்கிழமைதான் கிடைத்தது.

ஜீப்பை ஓட்டி வந்தவர் வாஹித் பாஷா. ஆம்பூர்க்காரர், அந்த வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. ஆபீசிலிருந்து முன்கூட்டியே தகவல் போயிருந்ததால், ஊர் முனையில் தேவசகாயம் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது.

"வாங்க சார். நெலத்தப் பாத்துட்டு வந்து காபி சாப்படலாம்" என்று ஜீப்பில் ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டார். "நேரா போ பாய். கோயில் தாண்டி சோத்தாங்கைப் பக்கம்."

ரயில் பாதை பீச்சாங்கைப் பக்கம் இருந்தது. ஜெபராணி வாயைத் திறப்பதற்குள் ஜீப் சோற்றாங்கைப் பக்கம் திரும்பிவிட்டது.

ஏரிக்குக் கீழே அருணகிரி என்பவரின் நிலம். ஓடைத் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறுவதில்லை, அதனால் ஊரில் மிச்சமிருந்த ஒரே நல்ல நிலம். வேர்க்கடலை பூத்து நின்றது. அருணகிரி வரப்பில் நின்று வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்தார்.

"இதான் சார் நம்ம நெலம்" என்றார் தேவசகாயம்.

சாமிநாதன் மடியில் மேப்பை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரயில் பாதை அந்தப் படத்தில் தெரியாத அளவுக்கு மெல்லிசு. பாறையோ பாலமோ இல்லாத ஊரில், மேப்பில் இருக்கும் புள்ளி தரையில் எது என்று ஊர்க்காரர்கள் சொன்னால்தான் உண்டு.

"ஆறு இன்னும் கிட்ட இருக்கணும் போல இருக்கே?"

"ஆறு முன்ன இப்படி வளைஞ்சிதான் சார் போயிக்கினு இருந்திச்சி. இப்ப தள்ளிப் போயிடுச்சி."

"மே மாசத்துல இங்க என்ன நின்னுது?"

"கரும்பு சார்." தேவசகாயம் மகளைப் பார்க்காமல் சொன்னார். "ஜூன்ல வெட்டிட்டு கடலை போட்டோம்."

"அதான் சிவப்பு. நான் அன்னைக்கே நினைச்சேன்." சாமிநாதனுக்கு முகம் மலர்ந்தது. வரப்பைப் பார்த்துக் கேட்டார். "ஏங்க, இது தேவசகாயம் நிலம்தானே?"

அருணகிரி குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அவருக்கு இரண்டு மகன்கள், இருவருக்கும் பெண் தேடிக்கொண்டிருந்தார். "அவரு நெலம்தான் சார். எனக்கு ஏது நெலம்."

கூடவே வந்த சம்பூர்ணம் அவளாகவே சொன்னாள். "இந்த ஊர்ல தண்ணிக்கு இன்னா சார் கொறச்சல். கெணறெல்லாம் தேனு."

வாஹித் பாஷா ஜெபராணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். "நெலம் ரயில் லைனுக்கு அந்தாண்ட இல்லம்மா இருந்திச்சி?"

"ஆமா பாய்."

"பொண்ணு விஷயமா?"

"ஆமா."

"அப்ப நான் இன்னா சொல்றது" என்று சொல்லிவிட்டு அவர் டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டில் ஐசக் வாத்தியார் முதலிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, சுத்தமான மனிதர், பைபிளை மடியில் வைத்திருந்தார். வேலூரிலிருந்து ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்திறங்கியதில் அவருக்குச் சம்பந்தி வீட்டின்மேல் மதிப்பு கூடியது. சாமிநாதனும் அவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஞானம்மாள் காபி கொண்டுவந்தாள். நல்ல காபி. சாமிநாதன் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"தோல் ஷாப்பால இந்தப் பக்கம் தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. இந்த ஊர் தப்பிச்சிட்டுது போல இருக்கே."

"கர்த்தர் கிருபை" என்றார் தேவசகாயம்.

கர்த்தரையும் இழுத்தாகிவிட்டது. அந்த ஒரு சொல்தான் ஜெபராணியால் பொறுக்க முடியாமல் போனது. அவள் கொல்லைப்பக்கம் போனாள். கிணற்றில் வாளியை விட்டு இழுத்து, எவர்சில்வர் டம்ளரில் மொண்டாள். டம்ளருக்குள் தண்ணீர் மங்கலான மஞ்சளில் இருந்தது. முற்றத்தைத் தாண்டி நேராகக் கூடத்துக்கு வந்து சாமிநாதன் முன்னால் நீட்டினாள்.

"எங்க கெணத்துத் தண்ணி சார். ஒரு வாய் குடிச்சிப் பாருங்க."

ஞானம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஐசக் வாத்தியார் டம்ளரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சாமிநாதன் ஒன்றும் புரியாமல், மரியாதைக்காகக் கையை நீட்டினார்.

அதற்குள் கிரேஸி வந்து டம்ளரை வாங்கிவிட்டாள். பட்டுப்புடவை, தலையில் கனகாம்பரம். "காபி மேல யாராவது தண்ணி குடுப்பாங்களாக்கா" என்று சிரித்தாள். பிறகு, எல்லோரும் பார்க்க, டம்ளரை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"நம்ம ஊரு தண்ணி குடிச்சாதான் எனக்குத் தாகம் அடங்கும் சார்" என்று சொல்லி, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐசக் வாத்தியாரின் முகம் இளகியது. "அடக்கமான பொண்ணு. ஊரு மேல பாசம் இருக்கு" என்றார். ஓலை வாசிக்கும் நாள் அங்கேயே பேசி முடிவாயிற்று.

ஜெபராணி கொல்லைக்கு ஓடினாள். கிரேஸி பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துவைக்கிற கல்லின்மேல் குனிந்து, சத்தம் வெளியே கேட்காமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஜெபராணி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பிடித்த நெற்றி. அது நெருப்பாகச் சுட்டது.

"கோவமாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா." கிரேஸி மூச்சு வாங்கினாள். "இந்தத் தண்ணிய உட்டுப் போவணும்னா இத்த நல்லதுன்னு ஒரு தடவ குடிச்சிக் காட்டணும். காட்டிட்டேன். அவ்ளோதான். இனிமே நீ எதுவும் சொல்லிடாத. குடிச்சது வீணாப் போயிடும்."

ஜீப் ஆம்பூரைத் தாண்டும்வரை சாமிநாதன் ஊரைப் பற்றியும் கடலையைப் பற்றியும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. தான் பார்த்ததை நம்பினார், பார்க்க வைத்ததைத்தான் பார்த்தார். மேப்பை மறுபடி விரித்து, பின்சீட்டுக்குத் திரும்பினார்.

"உங்க சந்தேகம் தீர்ந்துதாம்மா? திங்கட்கிழமை அனுப்பிடணும். அந்தச் சிவப்பைப் பயிர்னே வெச்சுக்கலாமா? உங்க ஊரு, நீங்க சொன்னா எனக்குச் சரி."

வாஹித் பாஷா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் சொல்லலாம். ஒரு வார்த்தை போதும், ஜீப்பைத் திருப்பி ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் விட்டுவிடலாம், வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் சம்பூர்ணத்தின் வீட்டுப் பிள்ளைகளின் கால்கள் வந்தன. கிரேஸியின் தொண்டை ஏறி இறங்கியது வந்தது. இரண்டில் தொண்டைதான் போகமாட்டேன் என்று நின்றது.

"வெச்சுக்கலாம் சார்" என்றாள்.

சாமிநாதன் பேனாவை எடுத்து இலுப்பைக்குப்பத்தின்மேல் ஒரு டிக் போட்டார். ஜீப் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியதில் பேனா இழுத்துக்கொண்டு போய், பக்கத்து ஊரின்மேலும் கோடு விழுந்தது. அங்கேயும் சிவப்புதானே என்று அவர் அதை அப்படியே விட்டுவிட்டார்.